சொந்தச் செலவில் ஒரு தாத்தா, பாட்டி!

ஓய்வுபெற்ற பிறகு விமானம் ஏறும் தாத்தா, பாட்டிகளை நமக்கு நன்றாகவே தெரியும். மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு வேலை, பேரனை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட ஆள் இல்லை என்று ஆறு மாத விசாவில் நியூஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ போவார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயுமாகப் போய், முழங்கால் வலியோடு திரும்புவார்கள். அதே அமெரிக்காவிலிருந்து, அதே வயதில், எதிர்த்திசையில் கிளம்புகிற தாத்தா, பாட்டிகளும் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, பிலிப்பைன்ஸுக்கோ கானாவுக்கோ பெருவுக்கோ போய் ஒன்றரை வருஷம் தங்கி ஊழியம் செய்கிறார்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் எப்படியும் ஒரு கிறிஸ்துமஸ் வந்துவிடும். சிலருக்கு இரண்டு.

‘வெளிநாட்டில் கிறிஸ்துமஸ்’ என்று ஒரு கட்டுரை வேண்டும். பனி, கேக், மான் பூட்டிய வண்டி எல்லாம் இருக்கட்டும் என்றுதான் ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். பனி பெய்கிற ஊரை விட்டுவிட்டு வேர்க்கிற ஊருக்கு வந்தவர்களைப் பற்றி எழுதப் போகிறேன். கேக்கும் இதில் அதிகம் இல்லை.

சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை, மார்மன் சபை என்று பலரும் சொல்வது, இந்த வயதான தம்பதிகளை உலகம் முழுக்க அனுப்புகிறது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் கறுப்புப் பெயர் வில்லையுமாக இருவர் இருவராக நடந்துபோகும் இளைஞர்களைச் சென்னையிலோ பெங்களூரிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். அதே கறுப்பு வில்லையை அறுபது, எழுபது வயதில் குத்திக்கொள்கிறவர்கள் இவர்கள். வீட்டில் வளர்க்க வேண்டிய பிள்ளைகள் இருக்கக் கூடாது. உடம்பு ஒத்துழைக்க வேண்டும். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 23 மாதம். எந்த நாடு என்று விருப்பம் சொல்லலாம். முடிவு தலைமையிடத்தின் கையில். சம்பளம் கிடையாது. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு என்று எல்லாம் கைக்காசு. வெளிநாட்டு வாடகை சிலருக்குக் கட்டுப்படியாகாமல் போனதால், 2011-ல் தம்பதி கொடுக்க வேண்டிய வாடகைக்கு மாதம் 1,400 டாலர் என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் போனால் சபை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆக, தங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸைத் தவறவிடுவதற்குக் காசு கொடுத்துப் போகிறார்கள்.

கதவு தட்டி உபதேசம் சொல்வது இளைஞர்களின் வேலை. பெரியவர்களுக்கு அது கட்டாயமில்லை. அலுவலகக் கணக்கு எழுதுவார்கள். வண்டிகளுக்கு டயர் மாற்றினார்களா, இன்சூரன்ஸ் கட்டினார்களா என்று பார்ப்பார்கள். நர்ஸாக இருந்த பாட்டி என்றால் போன் ஓயாது: ஒரு பையனுக்குக் காய்ச்சல், டெங்குவாக இருக்குமோ; இன்னொருத்திக்கு நாய்க்கடி, ஊசி எங்கே போடுவது. இதற்கெல்லாம் மேலாக, இளைஞர்கள் தங்கியிருக்கும் வாடகை வீடுகளைப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள், சமையல் கேஸ் குழாய் வெடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். பத்தொன்பது வயதுப் பையன்கள் நாலு பேர் இருக்கும் வீட்டுக் கழிவறையை அறுபத்தெட்டு வயதுக்காரர் போய்ச் சோதிப்பதும் ஊழியத்தில் சேர்த்திதான்.

தமிழ்நாட்டில் மிஷனரி என்றதும் நம் நினைவுக்கு வருவது வேறு ஜாதி மனிதர்கள். 1838-ல் இருபத்து மூன்று வயதில் கப்பலில் வந்து இறங்கி இடையன்குடி மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்; 1895-ல் இந்தியாவுக்கு வந்து, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறைகூட ஊருக்குப் போகாமல் டோனாவூரில் கண்மூடியவர். அவர்கள் இளம் வயதில் வந்து இங்கேயே கிழவரானவர்கள். இவர்கள் கிழவரான பிறகு வந்து, தேதி முடிந்ததும் திரும்பிப் போகிறவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் அறுபத்தைந்து வயதில், ஓய்வூதியம் வர ஆரம்பித்த பிறகு, சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து மொழி தெரியாத ஊரில் போய் டிசம்பரைக் கழிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கென்று ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிலிப்பைன்ஸைத்தான் சொல்ல வேண்டும். பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர். அங்கே செப்டம்பர் பிறந்தாலே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று ‘பர்’ என முடியும் மாதமெல்லாம் பண்டிகை மாதம்தான். முடிவதும் டிசம்பர் 25-ல் இல்லை. மூன்று ராஜாக்கள் திருநாளைத் தாண்டி, ஜனவரியில் குழந்தை இயேசு திருவிழா வரை நட்சத்திரங்களைக் கழற்றாத வீடுகள் நிறைய. டிசம்பர் 16-லிருந்து 24 வரை ஒன்பது நாளும் விடியற்காலையில் திருப்பலி. வயலுக்குப் போகும் முன் விவசாயிகள் கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஸ்பானியர் காலத்தில் இருட்டோடு வைத்தது, இன்று கால் சென்டர் வேலை முடிந்து வருகிறவர்களுக்கும் வசதியாகப் போயிற்று. ஒன்பது நாளும் தவறாமல் போனால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. கோயில் வாசலில் வாழையிலையில் அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றி, மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துச் சுடுகிற பிபிங்கா. மூங்கில் குழாயில் அவிக்கிற ஊதா நிறப் புட்டு, மேலே துருவிய தேங்காயும் சர்க்கரையும். நாகர்கோவில்காரர் யாராவது அந்த வாசலில் நின்றால் ஊர் ஞாபகம் வந்து அழுதுவிடுவார்.

மார்மன் சபையில் இந்தத் திருப்பலி கிடையாது, நள்ளிரவு ஆராதனையும் வழக்கமில்லை. காப்பி, டீ, மது மூன்றுக்கும் தடை. ஆனால் கோயில் வாசலில் விற்கிற இஞ்சிக் கஷாயம், சலாபாத், தடைப் பட்டியலில் வராது. ஐடஹோவிலிருந்து வந்த தாத்தா ஒருவர் ஒன்பது நாளில் பாதி நாள் விடிகாலையில் எழுந்து போய், கோயிலுக்குள் நுழையாமல், கஷாயம் மட்டும் குடித்துவிட்டு வந்தாராம். ‘‘மணி அடித்து எழுப்பிவிடுகிறார்கள், அப்புறம் என்ன செய்வது?’’ என்றார்.

அவரும் அவர் மனைவியும் பம்பாங்கா மாகாணத்தில் இருக்கிறார்கள். அவர் பள்ளிக்கூட பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வில்லையில் இருப்பதும் முழுப் பெயர் இல்லை. ‘எல்டர்’, ‘சிஸ்டர்’, பக்கத்தில் குடும்பப் பெயர், அவ்வளவுதான். பதினெட்டு வயதுப் பையனுக்கும் எல்டர்தான், இவருக்கும் எல்டர்தான். தெருப் பிள்ளைகளுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. அவர்கள் ‘லோலோ’, ‘லோலா’ என்று தாத்தா, பாட்டி முறை வைத்தே கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டு, பெரியவர் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். அது அந்த ஊரில் ஆசீர்வாதம் வாங்குகிற முறை. முதல் வாரம் அம்மா கையை இழுத்துக்கொண்டாராம், முத்தம் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து. இப்போது பிள்ளைகள் வருவதைப் பார்த்ததுமே கை தானாக நீள்கிறது.

வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று பிலிப்பைன்ஸ் நேரம், இன்னொன்று ஊர் நேரம், 15 மணி நேரம் பின்னால். கிறிஸ்துமஸ் அன்று பேரப்பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு எழுந்து மரத்தடிப் பரிசுகளைப் பிரிக்கும்போது இங்கே அதே நாள் இரவு மணி பத்து. அதுவரை தூங்காமல் இருக்க வேண்டும். தாத்தா தூங்கிவிடுவார் என்று அம்மா அவரைப் பாத்திரம் கழுவ வைத்துவிடுகிறார்.

பாத்திரம் நிறைய இருக்கும். ஏனென்றால் அன்று மத்தியானம் அந்த இரண்டு அறை வீட்டில் இளம் மிஷனரிகள் கூட்டம். டோங்கா, சமோவா, யூட்டா, செபு, டாவோ என்று பல ஊர்ப் பிள்ளைகள். அம்மாவை விட்டு வந்து கழிக்கும் முதல் கிறிஸ்துமஸ் பாதிப் பேருக்கு. 2019 பிப்ரவரி வரை இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கடுமையான விதி இருந்தது. வீட்டுக்குப் போன் பேசுவது வருஷத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் வாராவாரம் மின்னஞ்சல், கடிதம். அந்தக் காலத்தில் இணையம் ஒழுங்காக இருக்கும் வீடு என்று தேடினால் வயதான தம்பதியின் வீடாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையறைக்குள் போய்ப் பேசிவிட்டு வருவார்களாம். வெளியே வருகிறவனிடம் யாரும் உடனே பேச்சுக் கொடுப்பதில்லை, கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிடுவார்கள். இப்போது வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். வரிசை போய்விட்டது, ஆனால் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. காரணம், அடுப்பு. அந்த ஊர் வாடகை வீடுகளில் கேஸ் அடுப்புத்தான் இருக்கும், கேக் சுடுகிற ஓவன் இருக்காது. அம்மா சின்னதாக ஒரு மேஜை ஓவன் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு தடவைக்கு ஆறு சினமன் ரோல்தான் வேகும். காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுகிறார்.

மிச்சச் சாப்பாடு உள்ளூர் வழக்கப்படி. சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி, ஹாம், நூடுல்ஸ், பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் உயிரை விடும் இனிப்பு ஸ்பெகட்டி. வாழைப்பழக் கெச்சப்பும் சர்க்கரையும் போட்டு, செக்கச்செவேலென்று ஹாட்டாக் துண்டுகள் மிதக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. தாத்தா இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோ நகரத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்பு அங்கே ராட்சத விளக்குப் போட்டி நடக்கும். போட்டியிடும் ஒவ்வொரு கிராமமும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு வட்ட நட்சத்திரம் செய்து லாரியில் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பல்புகள். பூ விரிவதுபோல, சக்கரம் சுழல்வதுபோல, தீ பரவுவதுபோல பாட்டுக்கு ஏற்ப எரிந்து அணையும். கம்ப்யூட்டர் இயக்குகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் பெரிய பெரிய இரும்பு உருளைகள். உருளைமேல் அங்கங்கே காகித டேப் ஒட்டியிருக்கும். உருளையைத் தொட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் பெண்கள் தலையில் குத்தும் கொண்டை ஊசிகள், ஒவ்வோர் ஊசியிலிருந்தும் ஒரு பல்புக் கூட்டத்துக்கு ஒயர். ஆட்கள் உருளையைக் கையால் சுழற்றுவார்கள். ஊசி இரும்பில் படும்போது விளக்கு எரியும், டேப்பில் படும்போது அணையும். பஸ் மெக்கானிக் தாத்தாவுக்கு இதைப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. முன்பக்கம் ஊரே ஆர்ப்பரிக்க, அவர் பின்பக்கம் போய் உருளை சுழற்றுகிறவர்களோடு நின்றுவிட்டார். மொழி தெரியாது, ஒயரைக் காட்டிக் கேட்டாராம். அவர்களும் ஒயரைக் காட்டிச் சொன்னார்களாம்.

மார்மன் சபை பிலிப்பைன்ஸில் 1961-ல் ஊழியம் தொடங்கியது. இன்று எட்டு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் என்று கணக்குச் சொல்கிறது. ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருக்கும் நாட்டில் போய் ஆள் சேர்ப்பது என்ன ஊழியம் என்று அங்குள்ள கத்தோலிக்கர்களில் கேட்கிறவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகளின் முதல் நடை, முதல் பல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ரோல் சுட்டுக் கொடுக்க வேண்டுமா என்று ஐடஹோவிலேயே கேட்கிறார்கள். கேட்கட்டும். நான் பார்த்தவரை, ஓய்வுக்காலத்தில் ‘உங்களால் ஆகவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் மனிதர்கள் பத்து வயது குறைந்துபோகிறார்கள். வீட்டில் சும்மா உட்கார வைத்து, கூரியர் வாங்கி வைக்கவும் கேஸ்காரனுக்குக் கதவு திறக்கவும் மட்டும் பயன்படுத்தினால்தான் கிழடு தட்டிப்போகிறார்கள்.

கட்டுரை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். அந்த அம்மா என்னை இன்னொரு வீட்டுக்கு அழைத்துப் போனதுதான் வினையாயிற்று.

அவர்கள் சபையைச் சேர்ந்த வீடு அது. தகரக் கூரை, வாசலில் மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் ஒட்டிய ஐந்துமுனை நட்சத்திரம். உள்ளே நான்கு பிள்ளைகள், ஒரு பாட்டி. பாட்டிக்கும் ஐடஹோ அம்மாவுக்கும் ஒரே வயது, அறுபத்தாறு. பிள்ளைகளின் அம்மா ரியாத்தில் வீட்டு வேலை செய்கிறார். அப்பா மணிலாவில் கட்டட வேலை; சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை போகிறவர். கடைசிப் பெண்ணுக்கு ஐந்து வயது. அவள் அம்மாவை இதுவரை இரண்டு விடுமுறையில்தான் நேரில் பார்த்திருக்கிறாள். வீட்டின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, பிரிக்காமல்.

அந்தப் பெட்டிக்கு அந்த நாட்டில் ஒரு தனி அந்தஸ்து. பாலிக்பாயன் பெட்டி என்பார்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்புவது. எடைக்குக் கட்டணம் இல்லை, பெட்டியின் அளவுக்குத்தான். அதனால் ஒரு மூலை விடாமல் திணிப்பார்கள். ஷூவுக்குள் சோப்பு, சோப்புக்கு நடுவே சாக்லேட், சாக்லேட்டைச் சுற்றி டவல், டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி, பற்பசை, பள்ளிக்கூடப் பை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் கட்டிலடியில் சேர்த்து வைத்து, கடைசியில் மேலே ஏறி உட்கார்ந்து டேப் ஒட்டுவார்கள். கப்பலில்தான் வரும். கிறிஸ்துமஸுக்குக் கைக்கு வர வேண்டும் என்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே அனுப்பிவிட வேண்டும். அந்த வீட்டுப் பெட்டி நவம்பர் கடைசியில் வந்துவிட்டதாம். டிசம்பர் 24 நள்ளிரவுதான் பிரிக்கலாம் என்று பாட்டி உத்தரவு. கடைசிப் பெண் அதற்குள் ஒரு மூலையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டாள்.

டிசம்பர் 24 நள்ளிரவு என்பது பிலிப்பைன்ஸில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம். நோச்சே புவேனா. எவ்வளவு ஏழை வீட்டிலும் அன்றைக்கு ஏதாவது ஒன்று விசேஷமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் ரியாத்துக்கு வீடியோ போடுவார்கள். மணிலாவில் நள்ளிரவு 12 என்றால் ரியாத்தில் மாலை 7 மணி. வேலை செய்யும் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் நடக்கிற நேரம். போனைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்த அம்மா பிள்ளைகள் பெட்டியைப் பிரிப்பதைப் பார்ப்பாராம். மறுநாள் சவூதியில் விடுமுறை இல்லை. டிசம்பர் 25 அங்கே மற்றுமொரு வேலை நாள்.

இதைப் பார்த்த பிறகு எனக்குக் கட்டுரை கையை விட்டுப் போய்விட்டது.

சுமார் 20 லட்சம் பிலிப்பினோக்கள் இப்படி வெளிநாட்டில் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். வீட்டு வேலை, நர்ஸ் வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆண்களில் கணிசமானோர் கப்பலில். அவர்கள் அனுப்பும் பணம் வருஷத்துக்கு 3,000 கோடி டாலருக்கு மேல். டிசம்பரில்தான் உச்சத்துக்குப் போகும். 1974-ல் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தபோது, உள்ளூரில் வேலை உண்டாகும் வரை தற்காலிக ஏற்பாடு என்றுதான் இந்த ஏற்றுமதியைத் தொடங்கினார்கள். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. மறு வருஷமே, 1975-ல், எல்லா முதலாளிகளும் டிசம்பர் 24-க்குள் தொழிலாளிக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று இன்னோர் ஆணை வந்தது. பண்டிகைக்குக் கையில் காசு இருக்க வேண்டும் என்பதில் அந்த நாட்டுக்கு அவ்வளவு அக்கறை. அந்த ஆணை ரியாத் சமையலறை வரை நீளாது.

அதே சபையின் ஹாங்காங் கிளைகளைப் பற்றி அந்தத் தம்பதி சொன்னார்கள். அங்கே வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை சட்டப்படி உண்டு. ஆனால் எந்த நாள் என்பது வீட்டுக்காரர் இஷ்டம். எல்லோருக்கும் ஞாயிறு கிடைக்காது. அதனால் அந்தப் பெண்களுக்காகவே சபையில் வார நாட்களிலும் ஆராதனை வைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறைக்காரிக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஞாயிறு. அங்கும் அமெரிக்கத் தாத்தா, பாட்டிகள் ஊழியத்துக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளைகளை விட்டு வந்த பாட்டி, பிள்ளைகளை விட்டு வந்த அம்மாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார்.

இருவரும் டிசம்பரில் வீட்டில் இல்லாதவர்கள்தான். ஆனால் ஒருவர் தன் பணத்தைச் செலவழித்து வந்திருக்கிறார். இன்னொருவர் பணத்துக்காக வந்திருக்கிறார். ஒருவருக்குத் திரும்பும் தேதி ஊழியக் கடிதத்திலேயே தெரியும். இன்னொருவருக்கு, மூத்தவன் காலேஜ் முடித்ததும், வீட்டுக்குக் கான்கிரீட் போட்டதும், சின்னவள் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் என்று தள்ளிக்கொண்டே போகும். பம்பாங்கா வீட்டில் நான் பார்த்த இரண்டு பாட்டிகளையும் மனத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பதினொரு பேரப்பிள்ளைகளைப் பெற்றோரிடம் பத்திரமாக விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்திருக்கிறார். இன்னொருவர், மகள் போன நாளிலிருந்து நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் தாயாக இருக்கிறார். ஆராதனைக்கோ பக்கத்துத் தெருவுக்கோகூட நினைத்தால் போக முடியாது. அவரை யாரும் மிஷனரி என்று அழைப்பதில்லை, நெஞ்சில் வில்லையும் குத்தவில்லை.

இதை ஐடஹோ அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ‘‘தெரியும்’’ என்றார். ‘‘அதனால்தான் இந்த வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வருகிறேன். பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. சின்னவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். அந்த நேரத்தில் லோலா தூங்குவார்.’’

நான் பார்த்ததிலேயே உருப்படியான ஊழியம் அதுதான். இரண்டு மணி நேரத் தூக்கம். ஆனால் தம்பதி மார்ச்சில் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்து வரும் தம்பதிக்கு இந்த வீடு தெரிந்திருக்குமா? சபைக் குறிப்பேட்டில் ஞானஸ்நானக் கணக்குக்குக் கட்டம் இருக்கும். லோலா தூங்கிய கணக்குக்குக் கட்டம் இருக்காது. பெரியவர்களை அனுப்புகிறவர்கள், எந்தச் சபையானாலும், அந்தக் கட்டத்தை முதலில் போட வேண்டும் என்பது என் கட்சி. தாய் கடல் கடந்து போன வீடுகளுக்குத் தாத்தா, பாட்டி தேவை. உபதேசம் கொஞ்சம் காத்திருக்கலாம்.

டிசம்பர் என்றால் அங்கே விளக்கு மட்டும் இல்லை, புயலும்தான். 2011 டிசம்பரில் மின்டனாவோவில் ஒரே இரவு வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 2021 டிசம்பர் 16-ல், விடிகாலைத் திருப்பலி தொடங்கிய அதே நாளில், செபுவையும் போஹோலையும் புயல் புரட்டிப் போட்டது; கிறிஸ்துமஸை அந்தப் பகுதியில் பல ஊர்கள் மின்சாரம் இல்லாமல் இருட்டில் கழித்தன. அந்த இரவுகளில் துபாயிலும் ரியாத்திலும் இருக்கும் அம்மாக்கள் போனை அழுத்திக்கொண்டே இருந்திருப்பார்கள். மறுமுனையில் மணி அடித்திருக்காது. கூரை பறந்த வீட்டில் பிள்ளைகளோடு இருந்தது யார்? பெரும்பாலும் ஒரு பாட்டி.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் கத்தாருக்கும் மீன்பிடிக்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று அந்த ஊர்ப் பங்குச் சாமியாரைக் கேட்டால் தெரியும். நெல்லையில், தூத்துக்குடியில் நட்சத்திரம் கட்டியிருக்கும் எத்தனையோ வீடுகளில் அப்பா வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுட்டு வைத்துவிட்டு, நள்ளிரவு ஆராதனைக்குப் பிள்ளைகளைத் தனியாகக் கிளப்பிக்கொண்டு போகிற அம்மாக்களும், அம்மாவே போய்விட்ட வீட்டுப் பாட்டிகளும் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கேரல் ரவுண்ட்ஸ் அந்த வீட்டு வாசலில் இரண்டு பாட்டுப் பாடி, காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஓய்வுபெற்று, உடம்பில் தெம்போடு, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிற தாத்தா, பாட்டிகளே! ஐடஹோவிலிருந்து பம்பாங்காவுக்குப் போகிற அளவுக்கு நீங்கள் செலவு செய்ய வேண்டாம். வரும் டிசம்பரில் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டைக் கண்டுபிடித்து, வாரம் இரண்டு நாள், மத்தியானம் இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள். பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டி கொஞ்சம் படுத்து எழுந்திருக்கட்டும்.